வீக்கத்தை அடக்கினால் நரம்பு சீக்கிரம் வளருமா?

கடிதத்தின் சுருக்கம்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் டெய்லராக இருக்கும் 34 வயது வாசகரின் கடிதம் இது. பதினொரு வாரத்துக்கு முன் வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்து, இடது மணிக்கட்டு மடிப்புக்கு 3 செ.மீ. மேலே, சுண்டுவிரல் பக்கமாக ஆழமாக வெட்டிவிட்டது. அன்று இரவே அறுவை சிகிச்சை. சுண்டுவிரல் பக்கமாகக் கைக்கு இறங்கும் அல்நார் நரம்பு, பக்கத்தில் இருந்த தசைநாண், ரத்தக்குழாய் மூன்றையும் தைத்ததாக டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறது. சுண்டுவிரலிலும் மோதிரவிரலின் பாதியிலும் இன்னும் உணர்ச்சி இல்லை. இரண்டு விரலும் லேசாக மடங்கி நிற்கின்றன. விரல்களை விரிக்க முடியவில்லை, இரவில் எரிச்சல் வேறு.

'நரம்பைத்தான் ஒட்டிவிட்டார்களே, பிறகு ஏன் வேலை செய்யவில்லை?' என்பது அவருடைய முதல் கேள்வி. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மச்சினர், உள்ளே இருக்கும் வீக்கம்தான் நரம்பை அடைக்கிறது என்று சொல்லி பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 10 மி.கி. மாத்திரை கொடுத்திருக்கிறார். எட்டு நாள் சாப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். அதன்பிறகு, நோய் எதிர்ப்புச் செல்கள்தான் நரம்பை வளர்க்கின்றன என்று ஒரு செய்தியைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. ஸ்டீராய்டும் முதல் வாரம் சாப்பிட்ட வலி மாத்திரையும் சேர்ந்து நரம்பைக் கெடுத்துவிட்டனவோ என்று, எதிர்ப்புச் சக்தி கூட்டும் சீந்தில் மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார். கூடவே இரண்டு வகை வைட்டமின் மாத்திரை. நாளுக்கு ஐந்தாறு சிகரெட்.

இன்னொரு பயமும் இருக்கிறது. 'முதலில் தழும்பைத் தட்டினால்தான் சுண்டுவிரலுக்கு ஷாக் அடித்தது. இப்போது உள்ளங்கையின் அடிப்பகுதியில் தட்டினாலும் அடிக்கிறது. பாதிப்பு கீழே பரவுகிறதா?' ஒரு தனியார் மையம் ஸ்டெம் செல் ஊசிக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கிறது. மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

நகையை வைக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஷாக்கைப் பார்ப்போம். உங்கள் கடிதம் முழுவதிலும் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த வரி அதுதான். பாதிப்பு பரவவில்லை. நரம்பு வளர்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறது.

புதிதாக முளைத்து வரும் நரம்பிழையின் நுனிக்கு இன்னும் உறை போட்டிருக்காது. அதனால் லேசாகத் தட்டினாலே அது கூசும், சுண்டுவிரலை நோக்கி மின்சாரம் ஓடுவது போலிருக்கும். முதல் உலகப்போரில் நரம்பு அறுபட்ட சிப்பாய்களைப் பார்த்து, பிரான்சின் டினெல், ஜெர்மனியின் ஹாஃப்மன் இருவரும் 1915-ல் தனித்தனியாக இதைப் பதிவு செய்தார்கள். இன்றுவரை கை அறுவை மருத்துவர்கள் நரம்பின் வளர்ச்சியை அளக்க முதலில் செய்வது இந்தத் தட்டல் சோதனையைத்தான். கூச்சம் தழும்பிலேயே நின்றிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உங்களுக்கு அது நகர்ந்திருக்கிறது.

தைத்தது எதை?

நம் பேச்சில் ஒரு சிக்கல் உண்டு. ஊசி போடும் ரத்தக்குழாயும் நரம்புதான், மணிக்கட்டில் கயிறு போலப் புடைக்கும் தசைநாணும் நரம்புதான், உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பும் நரம்புதான். ரத்தக்குழாயைத் தைத்தால் அந்த நிமிடமே ரத்தம் ஓடும். தசைநாணைத் தைத்தால் சில வாரங்களில் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு மூன்றையும் ஒரே இரவில் தைத்ததால், மூன்றும் ஒரே கணக்கில் ஆறும் என்று நினைத்துவிட்டீர்கள். அல்நார் நரம்பின் கணக்கு வேறு.

அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் விளக்கு எரியும். நரம்பு அப்படி இல்லை. சுண்டுவிரல் தோலில் முடியும் ஒவ்வொரு இழையும், கழுத்தின் அடியில் தண்டுவடத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு செல்லின் நீண்ட வால். விரலை அசைக்கும் இழைகளுக்குச் செல்லின் உடல் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடி வெட்டியதும், அந்த உடலிலிருந்து துண்டான கீழ்ப்பக்க இழைகள் அத்தனையும் சில நாட்களில் இறந்து நொறுங்கிவிட்டன. லண்டனில் அகஸ்டஸ் வாலர் 1850-ல் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிப் பார்த்துச் சொன்ன உண்மை இது. எவ்வளவு சீக்கிரம் தைத்தாலும் இதைத் தடுக்க முடியாது. உங்கள் மருத்துவர் தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் தைத்தது இழைகளை அல்ல, இழைகளைச் சுற்றியிருக்கும் உறையை. மேல்முனையும் கீழ்முனையும் நேருக்கு நேர் நிற்கும்படி வைத்துவிட்டார். மேலேயிருந்து புதிய இழைகள் முளைத்து, பழைய பாதையில் விரல் நுனி வரை வந்தாக வேண்டும்.

வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். கரை அப்படியே இருக்கிறது, உள்ளே முழுக்க சேறும் குப்பையும். தூர்வாராமல் மதகைத் திறந்தால் தண்ணீர் கடைமடைக்குப் போகாது. அந்தத் தூர்வாரும் வேலையைச் செய்வது நோய் எதிர்ப்பு மண்டலம். நீங்கள் படித்த செய்தியின் சாரம் இதுவென்றால், அது சரிதான்.

வீக்கத்துக்குள் நடப்பது

இறந்த இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கும். உயிருள்ள நரம்பில் அது காப்பு. உடைந்து கிடக்கும்போது அதுவே தடை, ஏனென்றால் அதிலுள்ள ஒரு புரதம் வளரும் இழையின் நுனியைத் தொட்டு 'நில்' என்று சொல்லிவிடும். அதனால்தான் சுத்தம் செய்வது அவ்வளவு முக்கியம்.

அடிபட்ட முதல் நாளே ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்துவிடும். இழைகளைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்கள் காப்புறை போடும் வேலையை விட்டுவிட்டு, தாங்களே கழிவைத் தின்னத் தொடங்கும். கூடவே, ஆள் அனுப்பு என்று ரத்தத்துக்கு வேதிக்குறி அனுப்பும். அதைக் கேட்டு இரண்டு மூன்று நாட்களில் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கிச் செல்கள் கூட்டமாக வந்து சேரும். ஒன்றிரண்டு வாரத்தில் அவற்றின் எண்ணிக்கை உச்சத்தைத் தொடும். ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்களான ஆன்டிபாடிகளும் இதில் கை கொடுக்கின்றன. அவை மயலின் துண்டுகள் மீது ஒட்டிக்கொண்டு 'இதைத் தின்னு' என்று அடையாளம் காட்டுகின்றன. 2010-ல் வெளியான ஆய்வில், ஆன்டிபாடி இல்லாத எலிகளில் சுத்தம் செய்வதும் மெதுவானது, நரம்பு வளர்வதும் மெதுவானது.

சுத்தம் செய்வதோடு இவற்றின் வேலை முடிவதில்லை. நரம்பு முழுக்க அறுந்து இடைவெளி விழுந்த இடத்தில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். அங்கே வரும் பெருவிழுங்கிகள் அந்தக் குறையை உணர்ந்து, புதிய ரத்தக்குழாய்களை வரவழைக்கும் புரதத்தைச் சுரக்கின்றன. குழாய்கள் இடைவெளியின் குறுக்கே வளர, அவற்றைக் கொடிப்பந்தலாகப் பிடித்துக்கொண்டு ஷ்வான் செல்கள் ஊர, அவற்றின் பின்னால் நரம்பிழைகள் வருகின்றன. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் அலிசன் லாய்ட் குழு இதை 2015-ல் காட்டியது. கழிவு குறைந்ததும் அதே பெருவிழுங்கிகள் குணம் மாறி, அழற்சியைத் தணித்து வளர்ச்சிக்கு உதவும் பொருள்களைத் தரத் தொடங்குகின்றன.

இந்தத் தூர்வாரல் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1989-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தற்செயலாக ஒரு எலி வகை கண்ணில் பட்டது. அதன் நரம்பை வெட்டினால், துண்டான பகுதி வாரக்கணக்கில் கெடாமல் கிடக்கும். கேட்கும்போது நல்ல செய்தி போலத்தான் இருக்கும். ஆனால் கழிவு இல்லாததால் பெருவிழுங்கிகளும் நேரத்துக்கு வரவில்லை, புதிய இழைகளின் வளர்ச்சியும் தாமதமானது. பழையது கெட்டு, வாரி எடுக்கப்பட்ட பிறகே புதியது வர முடிகிறது.

அப்படியானால் உங்கள் மாத்திரைகள்?

எட்டு நாள் பிரெட்னிசோலோனால் நரம்பு கெட்டுவிடவில்லை. நீங்கள் அதைச் சாப்பிட்ட நேரத்தில் தூர்வாரலின் பெரும்பகுதி முடிந்திருக்கும். மூன்று வாரத்துக்குக் குறைவாக எடுத்த ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்காமல் நிறுத்தியதாலும் பெரும்பாலும் தொல்லை வராது. ஆனால் மறுபடி தொடங்க வேண்டாம். வெட்டுப்பட்டுத் தைத்த நரம்பை ஸ்டீராய்டு மாத்திரை வேகமாக வளர்க்கும் என்பதற்கு மனிதர்களில் ஆதாரம் இல்லை. சர்க்கரை ஏறுவது, வயிற்றுப்புண், தொற்று, எலும்பு தேய்வது ஆகியவற்றுக்கு ஆதாரம் நிறைய உண்டு.

உங்கள் மச்சினர் மேல் கோபப்படாதீர்கள். நரம்பு நோய்க்கு ஸ்டீராய்டு எழுதிய சீட்டுகள் அவர் கடைக்கு வந்திருக்கும். முகவாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் நல்ல பலன் உண்டு. தொழுநோயில் எதிர்ப்பு மண்டலம் நரம்பின் மேல் பாயும் கட்டத்தில் மாதக்கணக்கில் கொடுக்கிறோம். அங்கெல்லாம் எதிர்ப்புச் செல்களே நரம்பைத் தாக்குகின்றன, அதனால் அவற்றை அடக்க வேண்டியிருக்கிறது. அதிலும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இல்லை. கை கால்கள் திடீரெனப் பலவீனமாகும் கில்லன் பாரே நோயில் எதிர்ப்பு மண்டலம்தான் எதிரி, ஆனால் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் உதவாது. அதற்கு இம்யூனோகுளோபுலின் ஊசியோ பிளாஸ்மா மாற்றமோ வேண்டும். உங்கள் நரம்பை யாரும் தாக்கவில்லை. கண்ணாடி வெட்டியது, எதிர்ப்புச் செல்கள் சுத்தம் செய்ய வந்தன.

முதல் வாரத்து வலி மாத்திரையைப் பற்றியும் மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அறுவைக்குப் பின் சில நாள் வலி நிவாரணி எடுத்ததால் நரம்பு வளராமல் போவதில்லை. இப்போது தினமும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை சாப்பிட்டாலும் பயன் இல்லை, சிறுநீரகமும் வயிறும்தான் கெடும். உங்கள் இரவு எரிச்சல் நரம்பு வலி. அதற்கு கபாபென்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் என்று வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர் சொல்லும் அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்ட வேண்டும், நிறுத்தும்போதும் மெதுவாகவே குறைக்க வேண்டும். தலைசுற்றலும் தூக்கமும் வரும் என்பதால், மருந்து பழகும்வரை மெஷின் முன்னால் உட்காராதீர்கள்.

சீந்தில் மாத்திரையை நிறுத்திவிடுங்கள். எதிர்ப்பு மண்டலம் என்பது வால்யூம் கூட்டிக் குறைக்கும் ரேடியோ இல்லை. நரம்பு வளர அது சரியான நேரத்தில் எழுந்து, சரியான நேரத்தில் தணிய வேண்டும். தணியாமல் நீடித்தால் நார்த் தழும்பு வளர்ந்து இழைகளின் வழியை அடைக்கும். கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டு வந்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்திருக்கிறார்கள். இல்லாத பலனுக்காக அந்த ஆபத்து எதற்கு?

இரண்டு வைட்டமின் அட்டைகளையும் திருப்பிப் பாருங்கள். பி12 குறைவாக இருந்தால் அதை நிரப்புவது அவசியம், ரத்தத்தில் அளந்துகொள்ளுங்கள். குறைவே இல்லாதபோது மெத்தில்கோபாலமின் என்ற பி12 மாத்திரையை விழுங்குவது வெட்டுப்பட்ட நரம்பை வளர்க்கும் என்று உறுதியாகச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. நான் பயப்படுவது பைரிடாக்சின் என்ற பி6-ஐ நினைத்துத்தான். இரண்டு மாத்திரையிலும் அது இருந்தால் தினசரி அளவு கூடிவிடும். அளவுக்கு மீறி மாதக்கணக்கில் எடுத்தால் பி6 தானே உணர்ச்சி நரம்புகளைக் கெடுக்கும். கையில் மதமதப்பு என்று சாப்பிட ஆரம்பித்து, கால் இரண்டும் மதமதத்துப் போன நிலைமை வர வேண்டாம். ஒரு மாத்திரை போதும், அதுவும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டு.

உண்மையாகவே வளர்ச்சியைக் குறைப்பவை வேறு. சிகரெட் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. நரம்போடு ரத்தக்குழாயும் வெட்டுப்பட்ட உங்களுக்கு அது இரட்டைக் கேடு. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், பெருவிழுங்கிகளின் வேலையையும் இழைகளின் வளர்ச்சியையும் சேர்த்தே மந்தமாக்கும். 34 வயதுதானே என்று விடாமல், மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்.பி.ஏ.1.சி. ஒரு முறை பாருங்கள்.

இரண்டரை லட்ச ஊசி

நீங்கள் படித்த செய்திக்குப் பின்னால் உண்மையான, அருமையான ஆய்வுகள் இருக்கின்றன. 2020-ல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, முதிர்ச்சி குறைந்த ஒரு வகை நியூட்ரோஃபில் எலிகளின் பார்வை நரம்பிலும் தண்டுவடத்திலும் அறுந்த இழைகளை மறுபடி வளரவைத்ததைக் காட்டியது. அது ஏன் பெரிய செய்தி என்றால், மூளையிலும் தண்டுவடத்திலும் இந்தத் தூர்வாரல் இயல்பாகச் சரியாக நடப்பதில்லை. அங்கே மயலின் கழிவு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் கிடக்கும். தண்டுவடக் காயம் ஆறாததற்கு அது ஒரு காரணம். கையிலும் காலிலும் இருக்கும் நரம்புகளுக்கு உடலே அந்தச் செல்களை அனுப்பிவைக்கிறது. அந்தச் செய்தி யாருக்காக எழுதப்பட்டதோ, அந்த நோயாளி நீங்கள் இல்லை.

எலியில் நடந்தது மனிதரில் நடக்கும் என்று சொல்லவும் முடியாது. தண்டுவடம் அடிபட்டவர்களின் சொந்த ரத்தத்திலிருந்து பெருவிழுங்கிகளைப் பிரித்து, தூண்டிவிட்டு, தண்டுவடத்தில் செலுத்தும் சிகிச்சையை இஸ்ரேலில் தொடங்கினார்கள். முதல் கட்டம் நம்பிக்கை தந்தது. பிறகு முறையாக, குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2012-ல் வெளியானபோது, சிகிச்சை பெற்றவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை.

ஸ்டெம் செல்லுக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் அனைத்தும் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன என்கிறது. அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே அவற்றைச் செய்யலாம். 'இது ஆய்வுதான்' என்று அந்த மையம் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் எண் என்ன? எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? ஆய்வு என்றால் என்னிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? தைத்த நரம்பு சரியாக இறங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஊசி குத்துவது, போகும் வழியில் நாமே தழும்பை உண்டாக்குவதாகும்.

இங்கே ஒரு இடைக்குறிப்பு. உறுப்பு மாற்றுக்குப் பிறகு எதிர்ப்பு சக்தியை அடக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ், விலங்குகளில் நரம்பு வளர்ச்சியை வேகப்படுத்துகிறது. யாராவது இதைக் காட்டி, அடக்கினால்தான் நல்லது என்று உங்களிடம் வாதிடலாம். நரம்பின் மேல் அது வேலை செய்யும் வழியும் எதிர்ப்புச் செல்களை அடக்கும் வழியும் வேறுவேறு. அதன் பக்கவிளைவுகளை நினைத்தால், மணிக்கட்டு நரம்புக்காக யாரும் அதை எழுத மாட்டார்கள்.

உங்கள் நரம்பின் நாள்காட்டி

தையல் போட்ட இடத்தைத் தாண்ட மூன்று நான்கு வாரம் ஆகும். அதன்பின் சராசரியாக நாளுக்கு 1 மி.மீ. உங்களுக்கு 77 நாள் ஆகிறது. 28 நாளைக் கழித்தால் 49 நாள், ஏறக்குறைய 5 செ.மீ. வெட்டு மணிக்கட்டு மடிப்புக்கு 3 செ.மீ. மேலே இருந்ததால், இழைகளின் நுனி இப்போது மடிப்புக்கு ஒரு விரல்கடை கீழே, உள்ளங்கையின் அடிப்பகுதியில் இருக்க வேண்டும். நீங்கள் ஷாக் அடிக்கிறது என்று சொல்லும் இடமும் அதுதான்.

சுண்டுவிரலை விலக்கும் தசைதான் முதலில் நரம்பைப் பெறும். அதன் அசைவு நான்காம் ஐந்தாம் மாதத்தில் லேசாகத் தெரியலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இருக்கும் தசை கடைசி, அதற்கு ஆறு ஏழு மாதம் ஆகும். சுண்டுவிரல் நுனிக்கு முதல் உணர்ச்சி வரவும் ஆறு மாதத்துக்கு மேல். நுண்ணுணர்வு இரண்டு மூன்று வருடம் வரை கூடிக்கொண்டே போகலாம். உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: பெரியவர்களுக்கு அல்நார் நரம்பு முழுக்க அறுந்து தைத்தால், கை நூற்றுக்கு நூறு பழையபடி ஆவது அரிது. வேலை செய்யும் கை திரும்பக் கிடைப்பது அரிதல்ல.

இனி தினமும் செய்ய வேண்டியவை

அளவெடுங்கள். உங்கள் இஞ்ச் டேப்பின் சென்டிமீட்டர் பக்கம் போதும். மாதம் ஒரு முறை, சுண்டுவிரல் நுனியிலிருந்து தொடங்கி மணிக்கட்டை நோக்கி, விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். சுண்டுவிரலுக்குள் ஷாக் ஓடும் முதல் இடத்தில் பேனாவால் புள்ளி வையுங்கள். தழும்பிலிருந்து அந்தப் புள்ளிக்கு எத்தனை செ.மீ. என்று தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மாதம் 2 முதல் 3 செ.மீ. நகர வேண்டும். தினமும் தட்டாதீர்கள், எரிச்சல்தான் கூடும். இந்தச் சோதனை உணர்ச்சி இழைகளை மட்டுமே காட்டும், சில இழைகள் வந்தாலே ஷாக் அடிக்கும். அதனால் இது நல்ல அறிகுறி, முழு உத்தரவாதம் அல்ல.

மூட்டுகளைக் காப்பாற்றுங்கள். நரம்பு வந்து சேரும்போது விரல் மூட்டு இறுகிப்போயிருந்தால் வந்தும் பயனில்லை. விரல்கள் மடங்கி நிற்பதற்குக் காரணம், சமன் செய்யும் சிறு தசைகள் ஓய்ந்திருப்பது. அடிமூட்டை வலது கையால் மடக்கிப் பிடித்துக்கொண்டு, நடு மூட்டை முழுக்க நிமிர்த்துங்கள். ஒவ்வொரு விரலுக்கும் பத்து முறை, நாளுக்கு நான்கு வேளை. நக்கிள் பெண்டர் என்ற சிறு பட்டைக் கருவியைக் கை சிகிச்சையாளரிடம் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். அடிமூட்டு பின்னால் சாயாமல் அது பிடிக்கும், நடு மூட்டு தானாக நிமிரும்.

தோலைப் பாருங்கள். உணர்ச்சி இல்லாத விரலில் வியர்வையும் இருக்காது, தோல் காய்ந்து வெடிக்கும். இரவில் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, துடைக்காமல் ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தொழுநோயாளிகளுக்கு வழக்கமாகச் சொல்லித்தரும் முறை இது, உங்களுக்கும் பொருந்தும். அயர்ன் பாக்ஸ், நீராவி, சூடான பாத்திரம், வெந்நீர்ப் பை, பிசியோதெரபியில் வைக்கும் மெழுகுக் குளியல் எல்லாமே சுண்டுவிரலுக்கு ஆபத்து. வெந்தது தெரியவே தெரியாது. படுக்கும் முன் இரண்டு விரலையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மூளை விரலை மறந்துவிட விடாதீர்கள். பல மாதம் செய்தி வராத விரலின் இடத்தை மூளையில் பக்கத்து விரல்கள் எடுத்துக்கொள்ளும். ஸ்வீடனின் மால்மோவில் லுண்ட்போர்க், ரோசன் இருவரும் இதற்கான பயிற்சியை வளர்த்தெடுத்தார்கள். இப்போதே தொடங்கலாம்: கண்ணாடியை நடுவில் நிறுத்தி, இடது கையை அதன் பின்னால் மறைத்து, வலது சுண்டுவிரலைத் தொடுவதைக் கண்ணாடியில் பாருங்கள். இடது விரலைத் தொடுவது போலவே தெரியும். உணர்ச்சி எட்டிப்பார்த்த பிறகு பயிற்சிக்கான பொருள் உங்கள் கம்பெனியிலேயே கிடக்கிறது. காட்டன், ரிப், ஃப்ளீஸ், டெனிம் துண்டுகளைக் கண்ணை மூடித் தடவி எது எதுவென்று சொல்லுங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள். பத்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை.

பிசியோதெரபியில் 'கரண்ட் வைப்பது' பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் மனிதர்களிடம் பலன் காட்டிய முறை, அறுவை முடிந்த கையோடு நரம்புக்கே ஒரு மணி நேரம், விநாடிக்கு 20 துடிப்பு வீதம் கொடுப்பது. உங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. இப்போது தசையின் மேல் ஒட்டிக் கொடுக்கும் கரண்ட் வேறு. அதன் பலனைப் பற்றி ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கையில் இருக்கும் காசு நக்கிள் பெண்டருக்கும் பயிற்சிக்கும் போகட்டும்.

எப்போது தாமதிக்கக் கூடாது

தொடர்ந்து இரண்டு மாதம் அந்தப் புள்ளி நகராவிட்டால், அல்லது தழும்பில் மட்டும் கடும் வலியோடு ஷாக் நின்றுவிட்டால், இழைகள் வழி தவறி அங்கேயே முடிச்சாகச் சுருண்டிருக்கலாம். கை வீங்கி, நிறமும் வியர்வையும் மாறி, லேசான தொடுகைகூடத் தாங்க முடியாமல் எரிந்தால் அது வேறு நோய்க்கூறு, அந்த வாரமே காட்ட வேண்டும்.

அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் உங்கள் அறுவை மருத்துவரைப் பார்த்து, தசையின் மின்துடிப்பை அளக்கும் இ.எம்.ஜி., நரம்புக் கடத்தல் சோதனை இரண்டையும் கேளுங்கள். விரல் அசைவது கண்ணுக்குத் தெரியும் முன்பே, இழை தசையைத் தொட்டுவிட்டதை ஊசி இ.எம்.ஜி. காட்டிவிடும். ஆறு மாதத்திலும் சுண்டுவிரல் தசையில் எந்த அறிகுறியும் இல்லையென்றால், திறந்து பார்த்து, தேவைப்பட்டால் காலிலிருந்து எடுத்த நரம்புத் துண்டை இடையில் வைத்துத் தைப்பது பற்றிப் பேச வேண்டும். 'இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்' என்று வருடத்தை ஓட்டக் கூடாது. நரம்பு இல்லாத தசை 12 முதல் 18 மாதத்தில் மீள முடியாதபடி நாராகத் தொடங்கிவிடும். உணர்ச்சிக்கு அவ்வளவு கறாரான கெடு இல்லை, தசைக்கு உண்டு.

தசை வராமலே போனாலும் வழி அடைபடவில்லை. வேலை செய்யும் இன்னொரு தசைநாணை மாற்றி இணைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது. தொழுநோயால் இதே அல்நார் நரம்பை இழந்தவர்களுக்காக வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொடங்கிய பணி அது. அரசு மருத்துவமனை வேண்டுமென்றால், சென்னை ஸ்டான்லியில் கை அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

வேலைக்குப் போவது பற்றி: தசைநாண் தையல் 12 வாரத்தில் சாதாரண வேலையைத் தாங்கும் அளவுக்கு வந்துவிடும், அதை மருத்துவர் கையால் பார்த்துச் சொல்லட்டும். முதலில் செக்கிங், மடிப்பு, பேக்கிங் மாதிரி வேலையைக் கேளுங்கள். ஓவர்லாக் மெஷினில் துணியை நடத்திச் செல்லும் இடது கையில், உணர்ச்சியில்லாத சுண்டுவிரல் எங்கே தொங்குகிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஊசிக்குப் பக்கத்தில் ஓடும் கத்தி அதைத் தொட்டாலும் தெரியாது. மெஷினில் உட்காரும் நாள் வரும்போது, சுண்டுவிரலை மோதிரவிரலோடு சேர்த்து மெல்லிய பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள், ஊசிக்காப்பைக் கழற்றாதீர்கள், முதல் வாரம் வேகத்தைப் பாதியாக வையுங்கள்.